கடல் கடந்தவர்களுக்கு வீடு கட்டிய பத்தாண்டுகள்

2012 முதல் 2022 வரை பத்தாண்டுகள் கானாவின் தலைநகரான அக்ராவில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் தளப் பொறியாளராக வேலை பார்த்தேன். எங்களிடம் வீடு கட்டக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அக்ராவில் வசிக்காதவர்கள். லண்டனிலும் ஹாம்பர்கிலும் நியூ ஜெர்சியிலும் உழைத்துக்கொண்டு, ஊரில் ஒரு வீட்டை எழுப்பிவிட வேண்டும் என்று மாதந்தோறும் பணம் அனுப்பியவர்கள் ஒரு சாரார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த அமெரிக்கர்களும் கரீபியர்களும் மற்றொரு சாரார். இவர்கள் முன்பும் ஓரிருவராக வந்தார்கள் என்றாலும், 2019ஆம் ஆண்டை ஒட்டித்தான் எங்கள் அலுவலகத்துக்குத் தொடர்ச்சியாக வரத் தொடங்கினார்கள். அரசு இரு சாராரையும் புலம்பெயர்ந்தோர் என்ற ஒரே பெயரில் அழைத்ததால், நானும் இருவருக்கும் ஒரே வகையான ஆலோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆலோசனை இரண்டாம் சாராரிடம் தவறிப்போன பிறகுதான், இவர்கள் இந்த மண்ணிடம் எதிர்பார்ப்பது நேர்எதிரானது என்று எனக்கு விளங்கியது.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். செவிலியர், 1986இல் நாட்டை விட்டுச் சென்றவர். அந்தக் காலம் கானாவுக்கு மிகக் கடினமான காலம். 1983இல் மட்டும் வறட்சியும் காட்டுத்தீயும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியா ஏறத்தாழ பத்து லட்சம் கானாக்காரர்களை வெளியேற்றியது. அவர்கள் துணிமணிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்த கட்டம்போட்ட மலிவுப் பைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் ‘கானா மஸ்ட் கோ’, அதாவது கானாக்காரர்கள் வெளியேற வேண்டும் என்றுதான் பெயர். நைஜீரியாவில் பிழைப்பதற்கு வழியில்லை என்றானதும் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஐரோப்பாவை நோக்கிப் போனார்கள். ஹாம்பர்கிலிருந்து வருகிறவர்களை ‘போர்கா’ என்று அழைக்கும் வழக்கம் அப்போது உண்டானது. நான் போயிருந்தபோது எந்த வெளிநாட்டிலிருந்து வந்தாலும் போர்காதான்.

அந்த அம்மையார் பதினொரு ஆண்டுகளாகத் தம் தம்பிக்குப் பணம் அனுப்பியிருந்தார். ஒரு குடும்பம் தனியாக வாழ்வதற்கேற்ற மூன்று படுக்கையறை வீட்டுக்கு லண்டனிலேயே வரைபடம் வாங்கி அனுப்பியிருந்தார். கட்டி முடித்த வீட்டை மதிப்பிட்டு, மேல்தளம் எழுப்ப முடியுமா என்று பார்த்துச் சொல்வதற்காக என்னை அழைத்துச் சென்றார். அக்ராவின் புறநகரான அடென்டாவைத் தாண்டி டோடோவா செல்லும் சாலையில் அந்த வீடு இருந்தது. ஆனால் அது அவர் அனுப்பிய வரைபடத்தின் வீடு இல்லை. நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஒன்பது அறைகள், ஓரத்தில் பொதுச் சமையற்கட்டு, பொதுக் குளியலறை. அக்ராவின் பழைய பேட்டைகளில் காணப்படும் கூட்டுக்குடும்ப வீட்டின் அமைப்பு அது. அறைகளில் அவருடைய அக்காள் மகள்கள், ஒன்றுவிட்ட சகோதரர், ஊரிலிருந்து படிக்க வந்த இரண்டு பையன்கள் என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நிலப்பத்திரம் தம்பியின் பெயரில் இருந்தது.

திரும்பி வரும் வழியில், உங்கள் தம்பி உங்களை ஏமாற்றிவிட்டார் என்று நான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்காகக் கட்டவில்லை, எங்களுக்காகக் கட்டியிருக்கிறான்” என்றார்.

அந்த வேறுபாடு எனக்கு அன்று புரியவில்லை. மறுவாரம் தம்பி ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். ட்ரோட்ரோ எனப்படும் பயணிகள் வேன் ஓட்டுபவர் அவர். பதினொரு ஆண்டுக் கணக்கும் அதில் இருந்தது. சிமெண்ட் மூட்டை, இரும்புக் கம்பி, கொத்தனார் கூலி என்ற வரிகளுக்கு நடுவே தாயின் மருத்துவமனைச் செலவு, பள்ளிக் கட்டணம், தாய்மாமனின் இறுதிச்சடங்கு என்ற வரிகளும் இருந்தன. அவர்கள் அக்கன் இனத்தவர். அக்கன் மக்களிடையே குலம் தாய்வழியில் செல்வது. அபுசுவா என்று அதைச் சொல்வார்கள். தாய்மாமன் இறந்தால் மருமக்கள் செலவு செய்தே ஆக வேண்டும். அக்காள் ஊரில் இருந்திருந்தால் அவரே கொடுத்திருக்க வேண்டிய பணத்தை, அக்காளின் பணத்திலிருந்து தம்பி கொடுத்திருக்கிறார். தனக்கென்று எதையும் சுருட்டவில்லை. அக்காளைக் கேட்கவுமில்லை. அதுதான் குற்றம், அது சிறிய குற்றமில்லை என்றாலும், நான் நினைத்த குற்றமும் இல்லை.

என் தந்தையார் மஸ்கட்டில் இருந்தபோது புதுக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊரில் வீடு கட்டியவர் என் சித்தப்பா. அந்த வீட்டின் கணக்கும் இப்படித்தான் இருந்தது. அதனால் அண்ணன் தம்பிக்குள் வந்த மனத்தாங்கலைச் சிறுவனாக நான் பார்த்தவன். அப்படியிருந்தும் வேறொரு நாட்டில் அதையே கண்டபோது, திருட்டு என்ற சொல்தான் முதலில் என் வாயில் வந்தது என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் வரைபடத்தை விரிப்பதற்கு முன் ஒரு வேலையைச் செய்யச் சொன்னேன். உறவுக்கு அனுப்பும் பணத்தையும் கட்டடத்துக்கு அனுப்பும் பணத்தையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி, அதைக் குடும்பத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இறுதிச்சடங்குச் செலவையும் அதற்குள் சேருங்கள், ஏனென்றால் அது வந்தே தீரும். கட்டடத்துக்கான பணத்தை அஸ்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்ததை உறவினரல்லாத ஒருவர் அளந்து பார்த்துச் சொன்ன பிறகே அடுத்ததை அனுப்புங்கள். உறவினரைக் கணக்குப்பிள்ளையாக்கினால் உறவும் கெடும், கணக்கும் கெடும். இதைக் கடைப்பிடித்தவர்களில் பலர் தம் குடும்பத்தாரோடு முன்பைவிட நல்ல உறவில் இருந்ததைப் பார்த்தேன்.

அந்த அம்மையார் பழைய வீட்டைத் தம்பியிடமே விட்டுவிட்டுத் தமக்கென்று வேறு மனை தேடினார். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற அவர், கானாவின் இரட்டைக் குடியுரிமைச் சான்றை வாங்கவே இல்லை. 2000ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தும், பிறந்த மண்ணில் எனக்கு எதற்குச் சான்று என்று விட்டுவிட்டார். கானாவின் அரசமைப்பு, நாட்டின் குடிமகன் அல்லாத எவருக்கும் நிலத்தை முழு உரிமையாகத் தருவதில்லை. 50 ஆண்டுகளுக்கு மேல் குத்தகையும் தருவதில்லை. குடிமக்களுக்கு வீட்டுமனைக் குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டுகள். அந்த ஒரு தாள் இல்லாததால் ஏறத்தாழ பாதிக் காலம் குறைகிறது. ஹாம்பர்கிலிருந்து வந்தவர்களின் நிலை இதைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் 2024ஆம் ஆண்டு ஜூன் வரை ஜெர்மனி பொதுவாக இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. ஜெர்மன் கடவுச்சீட்டுக்காகக் கானாவின் கடவுச்சீட்டைக் கைவிட்டவர்கள், தாம் பிறந்த ஊரிலேயே சட்டப்படி அந்நியராக மனை வாங்க நின்றார்கள். அவர்களுடைய தயக்கத்தை நேரில் பார்த்த எனக்கு, நாட்டுப்பற்றுப் பேச்சுகளைவிட இந்தத் தாளின் மதிப்புப் பெரிது என்று தோன்றியது. மனை பார்ப்பதற்கு முன் குடியுரிமைச் சான்றை வாங்குங்கள் என்பதை எல்லோரிடமும் சொன்னேன்.

பணத்தின் மதிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். கானாவின் நாணயம் சீடி. நான் போன ஆண்டில் ஒரு டாலர் இரண்டு சீடிக்கும் குறைவு. 2022 நவம்பரில் அது 14 சீடியைத் தொட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் பணவீக்கம் 54 விழுக்காடு. அக்ராக்காரர்கள் கையில் பணம் சேர்ந்தால் வங்கியில் போடாமல் சிமெண்ட் கல் அறுத்து மனையில் அடுக்கிவைப்பார்கள். தொடக்கத்தில் அதை நான் மூலதனத்தை முடக்குவதாகக் கருதினேன். சரிந்துகொண்டே போகும் நாணயத்தில் அதுதான் சரியான சேமிப்பு. கல்லை வாங்கலாம், கூரைத் தகட்டை வாங்கலாம். சிமெண்டை மட்டும் வாங்கி வைக்கக் கூடாது, கடற்காற்றில் இறுகிவிடும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் அக்குஃபோ அட்டோ, 2019ஐ ‘திரும்பும் ஆண்டு’ என்று வாஷிங்டனில் அறிவித்தார். 1619இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கப்பட்டதாகப் பதிவாகி 400 ஆண்டுகள் நிறைவதை ஒட்டிய அழைப்பு அது. இத்தகைய அழைப்பு கானாவுக்குப் புதிதன்று. 1957இல் விடுதலை பெற்ற உடனேயே கானாவின் முதல் பிரதமர் நிக்ருமா கடல் கடந்த கறுப்பின அறிஞர்களை வரவேற்றார். டிரினிடாடைச் சேர்ந்த ஜார்ஜ் பேட்மோர் அவருக்கு ஆலோசகராக இருந்தார், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1961இல் அக்ராவுக்குக் குடிவந்து 1963இல் அங்கேயே மறைந்தார். 2000ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், புலம்பெயர்ந்த ஆப்பிரிக்க வழியினருக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமையைப் பெற ஒரு வாசலைத் திறந்திருந்தது. ஆனால் முன்பு வந்தவர்கள் பெரும்பாலும் அறிஞர்கள், போராளிகள். 2019இல் வந்தவர்களில் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்களும் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் 126 பேருக்குக் கானாவின் குடியுரிமை வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் 524 பேருக்கு.

பால்டிமோரிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கடற்கரை நகரமான கேப் கோஸ்ட் பக்கம் மனை வேண்டும் என்று எங்களிடம் வந்தார். அறுபத்தொரு வயது. கோட்டையை முந்தின நாள்தான் பார்த்திருந்தார். கேப் கோஸ்ட் கோட்டையின் நிலவறைகளைக் கடந்து கடலை நோக்கித் திறக்கும் ‘திரும்பிவராத வாசல்’ வழியாகத்தான் சங்கிலியில் பிணைத்தவர்களைப் படகுக்குக் கொண்டுபோனார்கள். 1998இல் ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு பேருடைய எலும்புகளைக் கொண்டுவந்து, அதே வாசல் வழியாக உள்ளே எடுத்துச் சென்று, அசின் மான்சோவில் அடக்கம் செய்தார்கள். அன்று முதல் வாசலின் வெளிப்புறத்தில் ‘திரும்பும் வாசல்’ என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைக் கையால் தடவிப் பார்த்ததாக அவர் சொன்னார். அடுத்த நாள் காலை சந்தையில் குழந்தைகள் அவரைப் பார்த்து ‘ஒப்ருனி’ என்று கூவினார்கள். வெள்ளையர், வெளிநாட்டவர் என்று பொருள்படும் சொல் அது. என்னைப் பார்த்து அவர்கள் தினமும் கூவிய சொல்தான். எனக்கு அது வலித்ததில்லை. அவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதை, அன்று மாலை அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த விதத்தில் கண்டேன்.

லண்டன் அம்மையாருக்குச் சொன்ன ஆலோசனையையே அவருக்கும் சொன்னேன். உறவையும் நிலத்தையும் கலக்காதீர்கள், தாளில் உறுதியாக இருங்கள் என்றேன். அவர், “எனக்குக் கலக்க உறவே இல்லையே” என்றார். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அம்மையாருக்கு உறவு கையை மீறி இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க ஒரு மனை தேவைப்பட்டது. இவருக்கோ உறவு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறுக்கப்பட்டிருந்தது. மனையை வாங்கினால் அதன் வழியாக உறவு வரும் என்று நம்பினார். 50 ஆண்டுக் குத்தகைதான் கிடைக்கும் என்று விளக்கியபோதும் அவர் கேட்ட கேள்வி விலையைப் பற்றியதாக இல்லை. தமக்குப் பிறகு அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

அவருடைய மனை விஷயத்தில் நான் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. கானாவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மரபுவழி உடைமை. தெற்கே மரபுத் தலைவரின் அரியணைக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியது. குடும்ப நிலத்தைக் குத்தகைக்குத் தரும்போது குடும்பத் தலைவரும் முக்கிய மூத்தவர்களும் சேர்ந்து ஒப்ப வேண்டும். அதைச் சரிபார்த்தேன். நில ஆணையத்தில் தேடல் மனுவும் கொடுத்தேன். வில்லங்கம் இல்லை என்று அறிக்கை வந்தது. 2020 பிப்ரவரியில் பணம் கைமாறியது. அதற்குப் பிறகுதான் எங்கள் நில அளவையாளர் எல்லைக் கல் நடப் போனார். விற்றவர்கள் கொடுத்த மனை வரைபடத்தின் ஆயத்தொலைகள் வேறொரு இடத்துக்கு உரியவை. நாங்கள் பார்த்து நின்ற நிலம் அதிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, வேறொரு குடும்பத்தின் உரிமைக் கோரிக்கையில் இருந்தது. ஆணையத்தின் அறிக்கை பொய்யில்லை. நான் கேட்ட இடத்துக்கு அது சரியான பதில்தான். நான் தவறான இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். தேடல் மனு கொடுப்பதற்கு முன்பே நம் அளவையாளர் நேரில் போய் நான்கு மூலைகளையும் அளந்து, அந்த அளவில் தயாரித்த வரைபடத்தைத்தான் ஆணையத்தில் கொடுக்க வேண்டும். அளவையாளருக்கு ஆகும் சிறு தொகையை மிச்சப்படுத்த நினைத்து ஒருவரின் எட்டு மாதங்களை வீணாக்கினேன்.

மார்ச் 22ஆம் நாள் கொரோனாவால் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. விமான நிலையம் செப்டம்பர் முதல் நாள்தான் மீண்டும் திறந்தது. ஆசிரியர் அங்கேயே ஒரு வாடகை அறையில் தங்கிவிட்டார். வாடகைச் சட்டம் ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது; ஆயினும் அவரிடம் இரண்டு ஆண்டு முன்பணம் கேட்டு, ஓராண்டுக்கு இறங்கினார்கள். அந்த மாதங்களில் இரு குடும்பங்களின் மூத்தவர்களும் பலமுறை கூடிப் பேசினார்கள். வழக்குத் தொடுக்கலாம் என்று நான் சொன்னேன். கானாவின் நீதிமன்றங்களில் நில வழக்குகள் எவ்வளவு காலம் இழுக்கும் என்று தெரிந்தும் சொன்னேன். அவர் மறுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மொழி தெரியாது, ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் இரண்டாவது குடும்பம் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டது. மூத்தவர் மதுவை நிலத்தில் வார்த்து முன்னோரை அழைத்தார். ஆசிரியர் புதன்கிழமை பிறந்தவர் என்று கேட்டறிந்து, குவேக்கு என்று பெயரிட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விழா நடத்திப் பெயர் சூட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. எட்டு மாதம் உடன் உட்கார்ந்தவருக்கு வைத்த பெயர்.

2021இல் கூட்டங்களுக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்து இறுதிச்சடங்குகள் பழையபடி நடக்கத் தொடங்கியதும், அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கறுப்பு அல்லது சிவப்புத் துணி போர்த்திக்கொண்டு ஊரில் நடக்கும் சாவுக்குப் போனார். யார் சாவு என்று பார்ப்பதில்லை. அழைப்புக்காகக் காத்திருப்பதும் இல்லை. கூடாரத்தின் முன்னால் மேசை போட்டு நிசாவா எனப்படும் மொய்ப்பணத்தை வாங்கி, கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, ரசீதும் கொடுப்பார்கள். முதலில் ‘அமெரிக்கக் குவேக்கு’ என்று அறிவித்தார்கள்; சில மாதங்களில் மனை இருந்த தெருவின் பெயரோடு சேர்த்து அறிவித்தார்கள். வீட்டுக்குக் கூரை போடும் முன்பே சந்தையில் குழந்தைகள் ஒப்ருனி என்று கூவுவது நின்றது. லண்டன் அம்மையார் எந்த இறுதிச்சடங்குச் செலவிலிருந்து தம் பணத்தைக் காப்பாற்றப் போராடினாரோ, அந்தச் செலவை இவர் தேடிப்போய்ச் செய்தார். இருவருமே சரியாகத்தான் செய்தார்கள். அதனால் வேரில்லாமல் வருகிறவர்களிடம் நான் பிறகு சொன்ன ஆலோசனை வேறு: நிலம் வாங்குவதற்கு முன் ஓராண்டு அந்த ஊரில் வாடகைக்கு இருங்கள், சாவுக்கும் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளுக்கும் போங்கள், யார் நிலம் யாருடையது என்பது எந்த அலுவலகத்தையும்விட அங்கே சீக்கிரம் தெரியவரும்.

அம்மையாரின் மகள் லண்டனில் பிறந்தவர். டிசம்பர் விடுமுறைக்குத் தோழிகளோடு வருவார். வீடு கட்டும் பணத்தைக் கைப்பேசி வழியாகக் கொத்தனாருக்கே அனுப்புவார், தளத்தைக் காணொளி அழைப்பில் பார்ப்பார். தாய்க்குப் பதினொரு ஆண்டு பிடித்ததை அவர் இரண்டே ஆண்டில் முடித்தார். ஆனால் காவலுக்கு ஆள் இல்லை. இரண்டு முறை மின்கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாதி கட்டிய வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துக் காவல் காப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அப்படி நம்பி வைப்பதற்கு அவருக்கு யாரையும் தெரியவில்லை. கடைசியில் முற்றம் வைத்த வீட்டிலிருந்து மாமாதான் தம் மருமகனைக் கொண்டுவந்து அங்கே குடிவைத்தார். அதற்கு மாதச் சம்பளம் பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்று மகள் சொன்னபோது மாமா முகம் சுளித்தார். எழுதிக்கொள் என்று அக்காள் சொன்னதும் கையெழுத்திட்டார்.

நான் ஊர் திரும்பும் முன் ஆசிரியரிடம் விடைபெறப் போயிருந்தேன். வீட்டின் இறுதிக் கணக்கைக் கோப்பில் வைப்பதற்காக அவர் இரும்புப் பெட்டியைத் திறந்தார். குத்தகைப் பத்திரமும் அளவையாளரின் வரைபடமும் மேலே இருந்தன. அவற்றின் கீழே, ரப்பர் பட்டை போட்டு, தேதி வரிசையில் அடுக்கிய மொய் ரசீதுகள் கட்டுக்கட்டாக இருந்தன. தமக்கு ஏதாவது ஆனால் இந்தப் பெட்டியைக் குடும்பத் தலைவரிடம் கொடுக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லி, கணக்குத் தாளை ரசீதுகளுக்கு மேலே வைத்து மூடினார்.